இனிப்புநீரும் சிறுநீரகமும்: மருத்துவ ஆய்வு காட்டிய புதிய வழி

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற உடல்நல விளக்கக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இனிப்புநீர் என்றும் நீரிழிவு என்றும் வழங்கப்பெறும் நோய் மிகவும் தொன்மையானது. சிறுநீர் தேனைப்போல் இனிக்கும் நோயைச் சரகரும் சுசுருதரும் 'மதுமேகம்' எனப் பெயரிட்டு விளக்கியுள்ளனர். நோயாளியின் சிறுநீரை எறும்புகள் நாடி வருவதையே அக்கால மருத்துவர் அடையாளமாகக் கொண்டனர். சிறுநீரில் சர்க்கரை இறங்கினால் நோய், இறங்காவிட்டால் நலம் என்பதே நெடுங்காலமாக நிலவிய கருத்து.

இன்றைய மருத்துவமோ சர்க்கரையைச் சிறுநீரின் வழியாக வேண்டுமென்றே வெளியேற்றும் மாத்திரைகளை அதே நோயாளிக்குக் கொடுக்கின்றது. அம்மாத்திரைகள் சிறுநீரகத்தையும் இதயத்தையும் காப்பதும் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. நோயின் அடையாளமாக இருந்த ஒன்று மருந்தின் செயலாக மாறிய வரலாறும், அம்மருந்து உரிய காலத்தில் உரியவரைச் சென்றடையச் செய்ய வேண்டியது யாது என்பதுமே இவ்வுரையின் பொருளாகும்.

இல்லந்தோறும் உள்ள சுமை

மலேசியச் சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டில் நடத்திய தேசிய உடல்நல ஆய்வில், வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது கண்டறியப்பட்டது. இந்தியரிடையே அவ்விகிதம் 31 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் விகிதம் 15.6 விழுக்காடாகக் குறைந்திருந்தது. அப்போதும் இந்தியரின் விகிதமே ஏனைய இனத்தாரினும் உயர்ந்து நின்றது. நீரிழிவு உடையோருள் ஐவரில் இருவர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர் என்பது அவ்வாய்வு தந்த மற்றொரு செய்தி.

நீரிழிவு தரும் துன்பங்களுள் கொடியது சிறுநீரகச் செயலிழப்பு. மலேசியாவில் 50,000க்கும் மேற்பட்டோர் டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பினால் உயிர் வாழ்கின்றனர். புதிதாக அச்சிகிச்சைக்கு வருவோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவே காரணம். சிங்கப்பூரில் மூவரில் இருவருக்கு அதுவே காரணம். வாரத்திற்கு மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும் தந்தையையோ தாயையோ கவனித்துக்கொள்ளும் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. நோயாளி வேலையை விட வேண்டியிருக்கும். அவரை அழைத்துச் செல்ல இன்னொருவரும் வேலையை விட வேண்டியிருக்கும். ஆலயத் திருவிழாவுக்கு வர விரும்பினாலும் அன்று சிகிச்சை நாளாக அமைந்துவிடும்.

வடிகட்டி பழுதுபடும் முறை

நோயின் முதற்காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் வற்புறுத்தும் நெறி. நீரிழிவு சிறுநீரகத்தை எவ்வாறு கெடுக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மனிதரின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றும் மயிரிழையினும் மெல்லிய இரத்தக் குழாய்களின் முடிச்சு. இவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அந்நீரோடு ஏறத்தாழ 180 கிராம் சர்க்கரையும் வடிகின்றது. ஆயினும் நலமுள்ளவரின் சிறுநீரில் சர்க்கரை காணப்படுவதில்லை. வடிகட்டியை அடுத்துள்ள நுண்குழாயில் அமைந்த ஒருவகைப் புரதங்கள், அச்சர்க்கரை முழுவதையும் பிடித்து மீண்டும் இரத்தத்தில் சேர்த்துவிடுகின்றன. அவற்றுள் எஸ்.ஜி.எல்.டி.2 என்னும் புரதம் ஒன்றே பத்தில் ஒன்பது பங்கு வேலையைச் செய்கின்றது. சர்க்கரையைத் திருப்பி அனுப்பும்போது அதனுடன் உப்பையும் சேர்த்தே அது அனுப்புகின்றது.

தொல்லை இங்கேதான் தொடங்குகின்றது. நீரிழிவு நோயாளியின் இரத்தத்தில் சர்க்கரை மிகுவதால் அப்புரதமும் மிகுதியாக வேலை செய்து, சர்க்கரையையும் உப்பையும் அளவுக்கு மீறித் திருப்பி அனுப்புகின்றது. குழாயின் கடைப்பகுதியில் உப்பின் அளவைக் கண்காணிக்கும் அணுக்கள் உள்ளன. தம்மிடம் வந்து சேரும் உப்பு குறைந்திருப்பதைக் கண்டு, வடிகட்டிக்கு இரத்தம் போதவில்லை என அவை தவறாகக் கொள்கின்றன. உடனே வடிகட்டிக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய் அகலமாகின்றது. உள்ளே அழுத்தம் ஏறுகின்றது. இவ்வழுத்தமே வடிகட்டிகளைச் சிதைக்கின்றது என்பதை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பாரி பிரென்னரும் அவருடைய குழுவினரும் எலிகளிடம் செய்த ஆய்வுகளால் விளக்கினர்.

தொடக்கத்தில் சிறுநீரகம் வழக்கத்தினும் மிகுதியாக வடிப்பதனால், நன்றாக இயங்குவது போலவே தோன்றும். பின்னர் வடிகட்டியில் விரிசல் கண்டு, அல்புமின் என்னும் புரதம் சிறிது சிறிதாகச் சிறுநீரில் கசியும். ஆண்டுகள் செல்லச் செல்ல வடிகட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தழும்பேறி மடியும். இத்தனைக்கும் வலி இராது, காய்ச்சல் இராது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, உணவு வெறுத்து மருத்துவமனைக்கு வரும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி அழிந்திருக்கும். மடிந்த வடிகட்டியை மீண்டும் உயிர்ப்பிக்கும் மருந்து எதுவும் இல்லை.

சர்க்கரை அளவு மட்டும் போதுமா?

1921ஆம் ஆண்டில் கனடாவின் டொரோண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தபின், இரத்தத்தில் சர்க்கரையின் அளவைக் குறைப்பதே மருத்துவத்தின் தலையாய நோக்கமாயிற்று. அது தேவையான நோக்கம், இன்றும் கைவிடத்தக்கதன்று. ஆனால் அது மட்டுமே போதும் என்னும் எண்ணத்திற்கு 2008ஆம் ஆண்டில் ஒரு தடை ஏற்பட்டது. 10,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 'அக்கார்டு' என்னும் பேராய்வில், சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைக்க முயன்ற பிரிவில் இறப்பு கூடுதலாக இருந்தது. எனவே அப்பகுதி இடையிலேயே நிறுத்தப்பட்டது. உறுப்பைக் காக்க வேறு வழியும் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

அவ்வழியில் முதல் அடி முன்னரே வைக்கப்பட்டிருந்தது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சில் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பொருள் இருப்பதை அந்நாட்டு அறிஞர் செர்ஜியோ ஃபெரேரா 1960களில் கண்டார். அந்த அறிவின்மீது எழுந்த கேப்டோப்ரில் என்னும் மாத்திரை 1981இல் புழக்கத்திற்கு வந்தது. வடிகட்டியிலிருந்து இரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்தி, உள்ளழுத்தத்தை அது தணிக்கின்றது. சிறுவயதிலோ இளவயதிலோ தொடங்கும் முதல் வகை நீரிழிவினால் சிறுநீரகம் பழுதுற்ற 409 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வு 1993இல் வெளிவந்தது. மரணம், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகியவற்றின் வாய்ப்பை அம்மருந்து பாதியாகக் குறைத்ததை அது காட்டிற்று. பெரியவர்களிடம் பரவலாகக் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவுக்கு, அதே போக்கில் செயல்படும் லொசார்ட்டன், இர்பெசார்ட்டன் ஆகியவை பயனளிப்பது 2001இல் உறுதியாயிற்று. எனினும் அழிவின் வேகம் குறைந்ததே அன்றி நிற்கவில்லை.

ஆப்பிள் மரப்பட்டை தந்த விடை

அடுத்த அடி ஒரு மரப்பட்டையிலிருந்து வந்தது. ஐரோப்பிய வேதியியலாளர் 1835ஆம் ஆண்டில் ஆப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து புளோரிசின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தனர். தோட்டப்புற முதியோர் நன்கறிந்த கொய்னா மருந்தைத் தரும் சிங்கோனாப் பட்டையைப் போல் கசந்ததனால், இதுவும் காய்ச்சலைத் தணிக்கும் என நம்பினர். 1886இல் ஜெர்மானிய மருத்துவர் ஜோசப் வான் மேரிங், புளோரிசின் உண்டவரின் சிறுநீரில் சர்க்கரை இறங்குவதைக் கண்டார். அக்காலத்தில் அது நோயை உண்டாக்கிக் காட்டும் ஆய்வுப் பொருளாகவே பயன்பட்டது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அந்நோக்கு மாறிற்று. 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள், நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்குப் புளோரிசின் செலுத்தியபோது இரத்தச் சர்க்கரை சீரடைந்ததுடன் இன்சுலினின் செயல்திறனும் மீண்டது. அதே ஆண்டில் கலிபோர்னியாவில் எர்னஸ்ட் ரைட் குழுவினர், குடலில் சர்க்கரையைக் கடத்தும் புரதத்தின் மரபணுவை அடையாளங் கண்டனர். 1990களில் சிறுநீரகத்திற்குரிய எஸ்.ஜி.எல்.டி.2 புரதமும் இனங்காணப்பட்டது. இப்புரதம் பழுதுடன் பிறந்து, வாழ்நாள் முழுதும் சிறுநீரில் சர்க்கரையை இழக்கும் குடும்பங்கள் சில உலகில் உள்ளன. அவர்களுள் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். ஆகவே இப்புரதத்தைத் தடுத்தால் உடலுக்குப் பெருந்தீங்கு நேராது என்னும் நம்பிக்கை பிறந்தது.

புளோரிசின் குடலில் எளிதில் சிதைவதாலும் வயிற்றுப்போக்கு உண்டாக்குவதாலும் நேரடியாக மருந்தாகவில்லை. அதன் அமைப்பைத் திருத்தி உருவாக்கப்பட்டவையே டாபாகிளிஃப்லோசின், கனாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் ஆகியவை. இவற்றுள் முதலாவது 2012இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது.

எதிர்பாராத விளைவு

இதயத்திற்குத் தீங்கு செய்யுமோ என்ற ஐயம் வேறொரு நீரிழிவு மருந்தின்மீது 2007இல் எழுந்தது. அதனால், நீரிழிவுக்குரிய புதிய மருந்து எதுவாயினும் அது இதயத்திற்குத் தீங்கற்றது என நிறுவ வேண்டும் என்று அமெரிக்க அரசு 2008இல் விதித்தது. அவ்விதிக்கிணங்க எம்பாகிளிஃப்லோசினை 7,020 பேரிடம் ஆராய்ந்தனர். அவர்கள் அனைவரும் நீரிழிவுடன் இதயநோயோ இரத்தக்குழாய் நோயோ உடையவர்கள். 2015இல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் வியந்தது. தீங்கில்லை என்பதற்கும் மேலாக, ஏறத்தாழ மூன்றாண்டுக் காலத்தில் இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்தோர், வெற்று மாத்திரை பெற்ற ஆயிரவரில் 59 பேராக இருக்க, மருந்து பெற்ற ஆயிரவரில் 37 பேராக இருந்தனர். சிறுநீரகம் பழுதாகும் வேகமும் குறைந்திருந்தது.

இரத்தச் சர்க்கரை அளவிலோ இருசாராருக்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. அவ்வாறாயின் பயன் எங்கிருந்து வந்தது? இம்மருந்து எஸ்.ஜி.எல்.டி.2 புரதத்தைத் தடுக்கும்போது சர்க்கரையுடன் உப்பும் குழாயின் கடைப்பகுதிக்குச் செல்கின்றது. கண்காணிக்கும் அணுக்கள் உண்மை நிலையை உணர்கின்றன. அகன்றிருந்த குழாய் சுருங்குகின்றது. வடிகட்டியின் அழுத்தம் தணிகின்றது. சிறுநீரகப் பயனுக்கு ஆய்வாளர் கூறும் முதன்மையான விளக்கம் இதுவே. இதயத்திற்கு உண்டான பயனுக்கு வேறு காரணங்களையும் ஆராய்ந்து வருகின்றனர்.

பின்னர் சிறுநீரகத்தையே குறியாகக் கொண்ட ஆய்வுகள் வந்தன. 2019இல் கனாகிளிஃப்லோசின் 4,401 பேரிடம் சிறுநீரக அழிவின் வாய்ப்பை 30 விழுக்காடு குறைத்தது. 2020இல் டாபாகிளிஃப்லோசின் 4,304 பேரிடம் 39 விழுக்காடு குறைத்தது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு நீரிழிவே இல்லை. ஆயினும் அவர்களும் பயன் பெற்றனர். பயன் மிகத் தெளிவாக இருந்ததனால், வெற்று மாத்திரை பெறுவோரை மேலும் காத்திருக்கச் செய்தல் முறையன்று எனக் கருதி இவ்விரு ஆய்வுகளும் குறித்த காலத்திற்கு முன்னரே முடிக்கப்பட்டன. 2022இல் வெளிவந்த மூன்றாம் ஆய்வில் 6,609 பேர் பங்கேற்றனர். அது நடைபெற்ற எட்டு நாடுகளுள் மலேசியாவும் ஒன்று என்பது இந்நாட்டவர் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

மேலும் இரு துணைகளும் வந்து சேர்ந்துள்ளன. சிறுநீரகத்தில் அழற்சியையும் தழும்பையும் தணிக்கும் ஃபினரெனோன் என்னும் மருந்தின் பயன் 2020இல் வெளியாயிற்று. மற்றொன்று, குடல் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போலச் செயல்படும் ஊசிமருந்து வகை. இவ்வகையின் முதல் மருந்து, அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா என்னும் நச்சுப் பல்லியின் நஞ்சில் 1992இல் ஜான் எங் கண்ட பொருளிலிருந்து பிறந்தது. இவ்வகையைச் சேர்ந்த செமாகுளுடைடு, 3,533 பேரிடம் கடுமையான சிறுநீரக விளைவுகளை 24 விழுக்காடு குறைத்தது என 2024இல் அறிவிக்கப்பட்டது.

விரதம் இருப்போர் கவனத்திற்கு

இம்மருந்துகள் அனைத்தும் மருத்துவர் ஆராய்ந்து கொடுக்க வேண்டியவை. பக்கத்து வீட்டார்க்கு நலம் தந்தது என்பதற்காக அவரிடமிருந்து மாத்திரையைப் பெற்று உண்ணலாகாது. எஸ்.ஜி.எல்.டி.2 தடுப்பு மருந்துகள் கருவுற்றோருக்கு உரியன அல்ல. முதல் வகை நீரிழிவுடையோர்க்கும் இவை பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று உண்டாகலாம். தூய்மை பேண வேண்டும், கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில் சிறுநீரகச் செயலளவு சற்றே குறைந்து தோன்றுவது உண்டு. அது உள்ளழுத்தம் தணிந்ததன் அடையாளமாகவே பெரும்பாலும் அமையும். அச்சத்தினால் மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

தைப்பூசத்திற்கு 48 நாள் விரதம் பூண்டு காவடி ஏந்துவோரும், கந்தசஷ்டியில் உணவு நீக்கி நோன்பு நோற்போரும் அன்பர்களிடையே பலர் உளர். இம்மருந்தை உட்கொள்வோர் நெடுநேரம் உண்ணாமலும் நீர் அருந்தாமலும் இருந்தால், உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி இரத்தத்தில் அமிலம் பெருகும் ஆபத்து உண்டு. அப்போது இரத்தச் சர்க்கரை அளவு பெரிதும் உயராமலே இருக்கலாம் என்பதால் ஏமாந்துவிட நேரும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மிகுந்த களைப்பு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆகையால் விரதத்தைத் தொடங்குமுன் மருத்துவரைக் கண்டு, எந்த மருந்தை எந்நாளில் நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது எனக் கேட்டுக்கொள்ளுதல் கடமை. அறுவைச் சிகிச்சைக்கு முன்னரும், வயிற்றுப்போக்கு, வாந்தி நேர்ந்த காலத்திலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மூட்டுவலிக்கென நெடுங்காலம் வலிநிவாரணி மாத்திரைகளை விழுங்குவதும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பதிவு பெறாமல் விற்கப்படும் மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக மலேசியச் சுகாதார அதிகாரிகள் பலமுறை எச்சரித்துள்ளதையும் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு சோதனை

அறிஞர் பலர் பல்லாண்டு உழைத்துக் கண்ட இம்மருந்துகள், வடிகட்டிகள் மடிந்தபின் வருவோருக்குப் பெரிதும் உதவுவதில்லை. எஞ்சியிருப்பதைத்தான் அவை காக்கும். மிகுதியாக எஞ்சியிருக்கும்போது வருவோர்க்கே மிகுதியான பயன். வலி காட்டாத நோயைச் சோதனை ஒன்றே காட்டும்.

நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உடையோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரண்டு சோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும். ஒன்று, சிறுநீரில் அல்புமின் கசிகின்றதா எனக் காணும் சோதனை. மற்றொன்று, இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைக் கொண்டு சிறுநீரகத்தின் செயல்திறனைக் கணிக்கும் சோதனை. இரண்டாவது சீராக இருக்கும்போதே முதலாவது பழுதைக் காட்டக்கூடும். ஆதலால் ஒன்றை மட்டும் செய்து நிறைவடைதல் போதாது. 'சர்க்கரை அளவு நன்றாக இருக்கிறது' என்று மகிழ்வதுடன் நில்லாமல், 'சிறுநீரில் புரதம் உண்டா?' என்று மருத்துவரிடம் கேட்கும் பழக்கம் ஒவ்வொருவருக்கும் வர வேண்டும். நீரிழிவு இல்லை என்று எண்ணியிருப்போரும், குறிப்பாகப் பெற்றோருக்கு அந்நோய் இருந்தால், இளவயதிலேயே இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுதல் நன்று.

உணவில் அளவு, நாள்தோறும் நடை, உப்பில் குறைவு, புகைபிடித்தலை விடுதல் ஆகிய பழைய அறிவுரைகள் எதையும் புதிய மருந்து நீக்கிவிடவில்லை. இனிப்பு மிகுந்த தே தாரிக்கை நாளுக்கு மூன்று முறை பருகிக்கொண்டே மாத்திரையை நம்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

ஆலயங்கள் அன்னதானத்தாலும் கல்வி உதவியாலும் சமுதாயத்தைத் தாங்கி வருகின்றன. அப்பணிகளோடு, மண்டபத்தில் ஆண்டுதோறும் ஒருநாள் மருத்துவக் குழுவினரை அழைத்துச் சிறுநீரகச் சோதனை முகாம் நடத்துவதையும் நிர்வாகத்தினர் மேற்கொள்வார்களாயின், டயாலிசிஸ் நாற்காலிக்குச் செல்லவிருக்கும் சிலரேனும் அதனின்று காக்கப்படுவர். அதற்குத் தேவைப்படுவது ஒரு சிறு குப்பி சிறுநீரும் சில துளி இரத்தமுமே.

இத்திருவிழாவைக் கண்டு மகிழ வந்துள்ள அன்பர் அனைவரும் வரும் ஆண்டுகளிலும் தம் கால்களால் நடந்து வந்து வழிபடும் உடல்நலம் பெற்று நீடு வாழ்க.